இரண்டு டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில்

அந்த இரண்டாவது டப்பா கம்பெனி பஸ் டிரைவர் மாணிக்கவேலுக்கு இல்லை. எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது? நேற்றுக்கூடக் கீரைக்காரியை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாளிடம் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். கிருஷ்ணம்மாள் முளைக்கீரைக் கட்டை உதறிக்கொண்டே கேட்கிறாள்:

"ஒரு பொம்பளைக்கு மதியத்துக்கு ஒரு டப்பா போதாதாக்கா? உங்க மருமவ ரெண்டு எடுத்துக்கினு போறாளே, இன்னொன்னு யாருக்காம்?"

"அவளுக்கேதான். ஒன்னு மதியத்துக்கு, ஒன்னு சாயங்காலத்துக்கு. பொழுது சாஞ்சா நாங்க வாயில ஒன்னும் வெக்க மாட்டோம்னு உனக்குத் தெரியாதா? இத்தினி வருஷமா எதிர்ல இருக்கிற, எங்க வூட்ல ராத்திரி எப்பனாச்சும் தாளிக்கிற வாசனை வந்துதா?"

"அது சரிக்கா. ஆனா வரச்சொல்லோ ரெண்டும் காலியா இருக்குதே."

"தின்ன டப்பா காலியாத்தான் இருக்கும். அது காலின்னு உனக்கு எப்பிடித் தெரியும், தொறந்து பாத்தியா?"

"ஆட்டிக்கினு வர்றாளே, கடகடன்னு சத்தம் கேக்குதே."

கீரைக்காரி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மருமகளுக்காகச் சண்டை போடுகிற இடத்தில் சிரித்தால் சண்டை நிற்காது. ஆனால் தெரு முழுக்க இந்தப் பேச்சு போய்விட்டது. அதனால் குணமாலாவின் கதையை நானே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நான் கைநாட்டு. எண் தெரியும், பஸ் நம்பரும் போன் நம்பரும் படித்துவிடுவேன், எழுத்துதான் வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது லீவுக்கு வந்திருக்கிற என் பேத்தி மோனிஷா. அவள் அம்மாவின் கதை என்பதால் அங்கங்கே சிரிக்கிறாள். சிரிக்கட்டும், கை நிற்காமல் இருந்தால் சரி.

குணமாலா மாகறல் பெண். அங்கே அவள் அப்பாவுக்கு நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற நிலம். பன்னிரண்டாவது வரை சயின்ஸ் படித்தாள். அந்த வருஷமே என் மகன் நிர்மலைக் கட்டிக்கொண்டு செவிலிமேட்டுக்கு வந்தாள். நிர்மல் அரிசி மண்டி வைத்திருக்கிறான். எங்களை நயினார் வீட்டுக்காரர்கள் என்பார்கள், நாங்கள் சமணர்கள். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு கிடையாது, வெங்காயம் கிடையாது, இருட்டினால் சோறு கிடையாது. தண்ணீரைக்கூட மடித்த துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன அல்லவா? துணியில் தங்கியதையும் உதறிவிட மாட்டோம், எந்தக் கிணற்றுத் தண்ணீரோ அந்தக் கிணற்றிலேயே விட்டுவிடுவோம். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அந்தத் துணியைப் பிடித்தவள் குணமாலாதான். நான் பக்கத்தில் நின்று, இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்று சொல்வேன். அவள் சரியாகத்தான் பிடிப்பாள். ஆனாலும் சொல்வேன்.

போன வருஷம் எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வந்தது. தண்ணீரைச் சோதிக்கிற லேப் ஒன்றிலிருந்து ஒரு பெண் பாட்டில்களோடு வந்தாள். குணமாலா பெருமையாக வடிகட்டின தண்ணீரைக் கொண்டுபோய் நீட்ட, "வடிகட்டாததைக் குடுங்கக்கா, அதுல இருக்கிறதைத்தான் நாங்க தேடறோம்" என்றாளாம். அவ்வளவுதான், குணமாலா அவளை விடவில்லை. எதைத் தேடுவீர்கள், எப்படித் தேடுவீர்கள், எந்தச் சொட்டு விட்டால் எந்த நிறம் வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தப் பெண்ணே, "எங்க லேபுக்கு ஒரு உதவியாள் எடுக்கிறாங்கக்கா. பன்னெண்டாவது சயின்ஸ் போதும். ஒரு பரீட்சை வெப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, சாப்பாட்டில் குணமாலா இதைச் சொன்னாள். நிர்மல் கெட்டவன் இல்லை. மண்டியில் மூட்டை தூக்குகிறவனிடம்கூட 'வாப்பா போப்பா' என்றுதான் பேசுவான். வீட்டில் எது மாறினாலும் மட்டும் அவனுக்குப் பிடிக்காது, அவன் அப்பா மாதிரி.

"படிச்சதெல்லாம் இப்ப ஞாபகம் இருக்குமா?" என்றான்.

"படிச்சா வரும்."

"சரி, ஒரே ஒரு தடவை எழுது. தேறினா போ. தேறலேன்னா அப்புறம் இந்த வூட்ல வேலைங்கிற பேச்சே வரக் கூடாது. இன்னா சொல்ற?"

"சரி" என்றாள். உடனே சொன்னாள். நான் மோரை ஊற்றிக்கொண்டே, இது தேறாது என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். எழுதத் தெரியாதவள் எழுதிய தீர்ப்பு.

படிக்க அவளுக்கு நேரம் ஏது? பகலெல்லாம் அடுப்பு, பாத்திரம், மண்டியிலிருந்து வருகிற ஆட்களுக்கு மோர். அவளை யாரும் எதற்கும் ஏவாத நேரம், விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம்தான். அதனால் கோலத்திலேயே படிக்க ஆரம்பித்தாள். நடுவில் தாமரை, அதைச் சுற்றிக் கோலமாவில் இங்கிலீஷ் எழுத்துகள், எழுத்துகளின் காலடியில் பொடிப் பொடியாக எண்கள். மோனிஷாவின் பழைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தை உள்ளே பார்த்துவிட்டு வந்து போடுவாள். கையால் போட்டால் மனசில் நிற்குமாம். கேட்டுச் சரிபார்க்க வீட்டில் ஆள் இல்லை. மோனிஷா சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள், நிர்மல் படித்தது காமர்ஸ், நான் படித்தது பஸ் நம்பர்.

பேக்டரிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போகிற கம்பெனி பஸ் எங்கள் வாசலுக்கு நேராகத்தான் நிற்கும். டிரைவர் மாணிக்கவேலுக்கு ஆள் ஏறுகிற வரை வேலை இல்லை, கீழே கோலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கிருஷ்ணம்மாள் இருந்தாள்.

"இன்னாக்கா, உங்க வாசல்ல இங்கிலீஷ்ல எழுதி நம்பர் போட்டிருக்குது? அந்த டிரைவருக்குப் போட்ட போன் நம்பராம், தெருவுல பேசிக்கிறாங்க."

தெருவில் பேசிக்கொள்கிறார்கள் என்றால் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

"போன் நம்பருக்குப் பத்து எண் வேணும்மா. இங்க ஒரு ரெண்டு கெடக்குது, ஒரு நாலு கெடக்குது. இதை அமுக்கினா எவன் எடுப்பான்?"

"அப்ப அது இன்னாதான்?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியும் எனக்குப் பழக்கம் இல்லை. "மந்திரம். எங்க ஜின மந்திரம். மிதிச்சா ஆகாது" என்றேன். பொய் பேசுவதில்லை என்று பருத்திக்குன்றம் கோயிலில் விரதம் எடுத்துக்கொண்டவள் நான். மறுநாள் காலை பஸ் ஏற வந்த பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கோலத்தைச் சுற்றிப் போனார்கள். மாணிக்கவேல் பஸ்ஸுக்குள்ளிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் ஜன்னலிலிருந்து உள்ளே நகர்ந்துவிட்டேன்.

இது போதாதென்று இன்னொன்றும் செய்தேன். குணமாலா தினமும் தாமரைக்குப் பக்கத்தில் ஒன்று எழுதுவாள். ஒற்றைப் படி வைத்த ஏணி மாதிரி ஓர் எழுத்து, அதன் காலடியில் ஒரு சின்ன இரண்டு, பக்கத்தில் ஒரு வளையம். ஏணிக்கு இரண்டு இருக்கிறது, வளையத்துக்கு ஒன்றும் இல்லை. ஒரு காதில் ஜிமிக்கி போட்டுவிட்டு மறு காதை மூளியாக விட்டது மாதிரி. கோலத்தில் ஒரு பக்கம் இருப்பது மறு பக்கமும் இருக்க வேண்டாமா? பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. அவள் உள்ளே போனதும் ஒரு சிட்டிகை மாவு எடுத்து வளையத்தின் காலடியிலும் ஓர் இரண்டு போட்டேன். என்ன பொருத்தம்! அன்றிலிருந்து தினமும் போட்டேன்.

அதைப் பார்த்துக் கிருஷ்ணம்மாள் தன் வாசலிலும் அப்படியே போட்டுக்கொண்டாள். "பேத்திக்கு ஜுரம் வந்துக்கினே இருக்குதுக்கா, மந்திரம் காப்பாத்தட்டும்" என்றாள். என் நேரம், ஜுரமும் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் அதை விடுவாளா? தினமும் அதே ஏணி, அதே வளையம், இரண்டுக்கும் இரண்டு.

இதற்குள் வீட்டில் குணமாலாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பரீட்சைக்குச் சில நாள்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் நிர்மலுக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் போகல. பரீட்சை வேணாம்."

"ஏன்?"

"தண்ணிக்குக்கூடத் தப்பா எழுதறேன். காலைல சரியாத்தான் எழுதறேன்னு நெனைக்கிறேன். பால் வாங்கப் போகச்சொல்லோ பாத்தா தப்பா இருக்குது. அழிச்சிட்டு மறுநாள் எழுதினா மறுபடியும் அதே தப்பு. என் மனசு ஒன்னு நெனைக்குது, கை ஒன்னு எழுதுது. இதை வெச்சிக்கினு லேபுல போய் நின்னா எதையாச்சும் கலந்து யாரையாச்சும் கொன்னுடுவேன்."

நிர்மல் "சரி" என்றான். அந்தச் 'சரி'யில் ஒரு நிம்மதி இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. தேறாது என்று தீர்ப்புச் சொன்னவள் நான்தான், இருந்தாலும் பிடிக்கவில்லை.

"தண்ணின்னு எங்கமா எழுதின?" என்றேன்.

"கோலத்துலதான் அத்தே. எச் டூ ஓ. ஏணி மாதிரி ஒன்னு, வளையம் மாதிரி ஒன்னு."

"வளையத்துக்குக் கீழ ஒரு ரெண்டு இருக்குமே, அதுவா தப்பு?"

"அதேதான்."

"அது நான் போட்டது."

நிர்மல் பிசைந்த சோறு கையிலேயே நின்றது. "எதுக்கும்மா?"

"அழகா இல்ல."

குணமாலா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை. அப்புறம் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஏணி என்றால் ஹைட்ரஜன். வளையம் என்றால் ஆக்சிஜன். காலடியில் இருக்கிற எண், அந்த எழுத்துக்கு எத்தனை அணு என்று சொல்லும். எண் இல்லாவிட்டால் இல்லை என்று அர்த்தம் இல்லை, ஒன்று என்று அர்த்தம். தண்ணீருக்கு மொத்தம் மூன்று அணு.

"நீங்க போட்டது நாலு அத்தே. அது தண்ணியே இல்ல. புண்ணுல ஊத்தினா நொரைச்சிக்கினு வருமே, அந்த மருந்து."

தண்ணீரைத் துணி மடித்து வடிகட்டுகிற வீட்டு வாசலில், தினமும் காலையில் புண் மருந்தை ஊற்றி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக் குழந்தைக்கும் அதுதான் காவல். போகட்டும். ஆனால் நான்கு இருந்தால்தான் பார்க்க அழகு. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"நீ பரீட்சைக்குப் போற. எண்ணிக்கைதானே, நான் சரி பாக்கறேன்" என்றேன். அன்றிலிருந்து அவள் காய் நறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்வாள், நான் புளியங்கொட்டையை எடுத்து வைப்பேன். காலடியில் இருக்கிற சின்ன எண் தன் எழுத்தோடு சரி, பக்கத்து எழுத்துப் பக்கம் திரும்பாது. ஆனால் சில சமயம் எல்லாவற்றுக்கும் முன்னால் பெரிய எண் ஒன்று நிற்குமாம். அது பின்னால் வருகிற அத்தனையையும் பெருக்கிவிடுமாம்.

"முன்னால பெரிசா நின்னுக்கினு, பின்னால வர்ற எல்லாரையும் ஆட்டி வெக்குதா? அப்ப அது மாமியாரு" என்றேன்.

அவள் மறுக்கவில்லை. கத்தரிக்காயைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடைப்புக்குறியில்தான் சண்டை வந்தது. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பைச் சொன்னாள். "சி ஏ, அது கால்சியம். அப்புறம் அடைப்புக்குள்ள ஓ, எச். அடைப்புக்கு வெளிய ரெண்டு." நான் எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு கொட்டை வைத்து ஆறு என்றேன். அவள் ஐந்து என்றாள். வெளியே இருக்கிற இரண்டு, அடைப்புக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தானாம். முன்னால் நிற்கிற கால்சியத்துக்குக் கிடையாதாம்.

"ஏன் கெடையாது? ஒரே வரிசையில உக்காந்தவங்களுக்கு ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?"

"அது பந்தி இல்ல அத்தே."

"இலை போட்டா எல்லாருக்கும் ரெண்டு வடை. ஆறுதான்."

"அஞ்சு."

"ஆறு!" என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். மறுநாளும் ஆறு என்றேன். அதற்கு மறுநாளும்.

அதற்குள் நிர்மல் இன்னொன்றைக் கொண்டுவந்தான். லேபில் வேலை முடிய ஆறு மணி ஆகும் என்று யாரோ சொன்னார்களாம். "தேறினாலும் எப்பிடிப் போவ? வூடு வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும். ராத்திரி பட்டினியா படுப்பியா, இல்ல வெளக்கு வெச்சி சாப்பிடுவியா? நம்ம ஜனங்க இன்னா சொல்லுவாங்க?"

ஒரு வேளைச் சோற்றில் எல்லாம் நின்றுவிடும் போலிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அலமாரியைத் திறந்து இரண்டு எவர்சில்வர் டப்பாவை எடுத்து, காலையில் மீந்த இட்லியை வைத்துக் கட்டிக் காட்டினேன். "இந்தா, ஒன்னு மதியத்துக்கு. ஒன்னு பொழுது சாயறதுக்கு முன்னால, அங்கயே ஒரு மரத்தடியில உக்காந்து சாப்பிட்டுட்டு வர்றா. இதுல எந்த விரதம் கெட்டுது? குடிக்க வடிகட்டின தண்ணி ஒரு பாட்டில்."

நிர்மல் டப்பாக்களைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒரு பாட்டில். இரண்டு டப்பா. ஒவ்வொரு டப்பாவிலும் இட்லி ஒன்று, துவையல் ஓர் உருண்டை. டப்பா இரண்டானதால் இட்லி இரண்டாயிற்று, துவையல் இரண்டாயிற்று. பாட்டில் டப்பாவுக்கு வெளியேதான் இருக்கிறது. அது இரண்டாகுமா?

"அஞ்சு" என்றேன்.

"இன்னாம்மா?" என்றான் நிர்மல்.

"உனக்கில்ல. சுண்ணாம்பு அஞ்சுதான்."

குணமாலா என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். தோற்றவளுக்குக் கை குலுக்குகிற வீடு எங்கள் வீடுதான். நிர்மல் ஒன்றும் புரியாமல் ஓர் இட்லியை எடுத்துத் தின்றுவிட்டு, "சரி, போகட்டும்" என்றான். இந்தச் 'சரி' பரவாயில்லை.

பரீட்சைக்கு அந்த இரண்டு டப்பாவோடுதான் போனாள். முதலில் எழுதச் சொன்னார்களாம். பிறகு மூன்று பேர் உட்கார்ந்து வாயால் கேட்டார்களாம். அதில் ஒருவர் படிகாரம் மாதிரி கலங்கின தண்ணீரில் போடுகிற அலுமினியம் சல்பேட்டைப் பலகையில் எழுதி, இதில் மொத்தம் எத்தனை அணு என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் சொன்னாள்.

"அலுமினியம் ரெண்டு. அது அடைப்புக்கு வெளிய. அடைப்புக்குள்ள ஒரு சல்பர், நாலு ஆக்சிஜன். அடைப்புக்கு வெளிய மூணு. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்னுமே வரல அத்தே. அப்புறம் ரெண்டு தண்ணி பாட்டில், மூணு டப்பான்னு நெனைச்சிக்கினேன்."

நான் புளியங்கொட்டையை எடுத்தேன். பாட்டில் இரண்டு. டப்பாவுக்கு ஐந்து கொட்டை, மூன்று டப்பா. எண்ணினேன். சந்தேகத்துக்கு மறுபடியும் எண்ணினேன். "பதினேழு. நீ இன்னா சொன்ன?"

"பதினேழு."

"அப்ப அந்தாளு சரின்னு சொன்னாரா?"

"தலைய ஆட்டினாரு. எந்தப் பக்கம் ஆட்டினாருன்னுதான் தெரியல."

போன் ஒரு வாரம் கழித்து வந்தது. நிர்மல்தான் எடுத்தான். கேட்டுக்கொண்டே இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் மூச்சு விடாமல் நின்றோம். "சரிங்க சார். எத்தினி மணிக்கு வரணும்?" என்றான். பிறகு உள்ளே வந்து, "திங்கட்கிழமையாம். டப்பாவுல அன்னிக்கு எனக்குக் காட்டின மாதிரி ஒரே ஒரு இட்லி வெக்காதம்மா, பசிக்கும்" என்றான்.

அந்தத் திங்கட்கிழமை காலை நான்தான் கட்டிக் கொடுத்தேன். ஒரு பாட்டில், இரண்டு டப்பா, டப்பாவுக்கு நான்கு இட்லி. வெளிர்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, காலில் விழுந்து எழுந்து, வாசலில் இறங்கினாள். எங்கள் கோலத்தைச் சுற்றி நடந்து தெருவைத் தாண்டினாள். டவுன் பஸ் ஸ்டாப்புக்கு நேராகப் போவாள் என்று பார்த்தால் கிருஷ்ணம்மாள் வீட்டு வாசலில் நின்றாள். அங்கே அதே ஏணி, அதே வளையம், இரண்டுக்கும் இரண்டு. இத்தனை நாள் அதைத் தாண்டித் தாண்டிப் போனவள்தான். அன்றைக்கு முடியவில்லை போலிருக்கிறது. தண்ணீரைச் சோதிக்கிற வேலைக்குப் போகிறவள் அல்லவா? பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். வளையத்தின் காலடியில் இருந்த இரண்டைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தாள்.

துடைப்பத்தோடு கிருஷ்ணம்மாள் வெளியே வந்ததும் அப்போதுதான். மந்திரம் அழிகிறதைப் பார்த்தாள். அழித்தவள் கையில் பையைப் பார்த்தாள், பைக்குள் இரண்டு டப்பாவையும் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"வர்றேங்க்கா, பஸ் வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் குணமாலா வேகமாக நடந்துவிட்டாள்.

அங்கே ஏணிக்கு மட்டும் இரண்டு இருந்தது. வளையம் மூளியாகக் கிடந்தது. நான் போய்ப் போடவில்லை. மாவுக் கிண்ணம் மட்டும் எப்படியோ என் கைக்கு வந்திருந்தது.